நாவலைக் காக்கும் நண்பர் குழாம்

புது தில்லியின் வீதிகள் பெரும்பாலும் அரசர்களின் பெயரையும் அரசியல் தலைவர்களின் பெயரையும் தாங்கி நிற்பன. அவற்றினிடையே ஜனபத் சாலையை ஒட்டிய ஒரு வீதி, நாவலாசிரியர் ஒருவரின் பெயரைப் பெற்றிருக்கிறது. அது டால்ஸ்டாய் வீதி. அப்பெரியாரின் சிலையும் அங்கே உண்டு. மாலை வேளையில் அலுவலகம் விட்டு வீடு திரும்புவோர் அச்சிலையைக் கடந்து விரைகின்றனர். அவர்களுள் எத்தனை பேர் அவருடைய நாவல் ஒன்றையேனும் முழுமையாகப் படித்திருப்பர்? இக்கேள்வி எவரையும் குறை கூறுவதற்காக எழுந்ததன்று. சிலையால் ஓர் ஆசிரியரின் உருவம் நிலைபெறும். எழுத்து நிலைபெற வேண்டுமாயின் அதற்கு வேறொன்று வேண்டும் என்பதை நினைவூட்டவே எழுந்தது. அந்த வேறொன்று யாது என்பதே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

செய்யுளுக்கும் நாவலுக்கும் உள்ள ஒரு வேற்றுமையை முதலில் கருத வேண்டும். செய்யுள் நெஞ்சில் தங்கும். உரைநடை தாளில் தங்கும். ஏடு அழிந்துபோன காலத்திலும் நம் முன்னோர் பல பாடல்களை மனப்பாடத்தாலும் இசையாலும் காத்து வந்தனர். கோயிலில் ஓதுவார் பாடினார். திண்ணைப் பள்ளியில் சிறுவன் ஒப்பித்தான். வயலில் நாற்று நடுவோரும் தமக்குரிய பாட்டை மறவாதிருந்தனர். நாவலுக்கோ இவ்வாய்ப்பு ஒன்றும் இல்லை. ஐந்நூறு பக்க நாவலை எவரும் மனப்பாடம் செய்வதில்லை. அது தனிமையில், மௌனமாகப் படிக்கப்படுவது. படித்தவர் மனத்தில் எஞ்சுவது சில பாத்திரங்களின் முகமும், சில காட்சிகளின் நிழலுமே. ஆகவே அச்சும் வாசகரும் கைவிட்டால் நாவல் ஒரு தலைமுறைக்குள்ளேயே மறைந்துவிடும். மறையாமல் காப்பதற்கு வாசகர் கூடிச் செயற்படுதல் இன்றியமையாததாகிறது. பழைய நாவலாசிரியர்களுக்கென்று இலக்கியச் சங்கங்கள் தோன்றிய காரணம் இதுவே.

இத்தகைய சங்கங்கள் நன்கு வேரூன்றிய நாடு இங்கிலாந்து. சார்லட், எமிலி, ஆன் என்ற பிரான்ட்டே சகோதரிகள் மூவரின் பெயரால் 1893-ஆம் ஆண்டிலேயே ஒரு சங்கம் தொடங்கப்பெற்றது. ஹாவர்த் என்ற சிற்றூரில் ஒரு வங்கியின் மாடியில் இரண்டு ஆண்டுகளுக்குள் அச்சங்கம் ஒரு காட்சிச்சாலையை அமைத்தது. அச்சகோதரிகள் வாழ்ந்த பாதிரியார் இல்லம் 1928-ஆம் ஆண்டில் சங்கத்தின் உடைமையாயிற்று. ஜேன் ஆஸ்டின் அம்மையார் சாட்டன் என்ற ஊரில் வாழ்ந்த வீட்டைக் காக்கும் நோக்கத்தோடு 1940-ஆம் ஆண்டில், உலகப் போர் மூண்டிருந்த வேளையிலேயே, மற்றொரு சங்கம் பிறந்தது. அவ்வீடு 1949-ஆம் ஆண்டில் பொதுமக்கள் காணத் திறந்துவைக்கப்பட்டது.

இவற்றுள் நமக்கு மிகுந்த பயன் தரும் எடுத்துக்காட்டு, 1902-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் தோன்றிய டிக்கன்ஸ் தோழமைச் சங்கம். சார்லஸ் டிக்கன்ஸ் மறைந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின் எழுந்த இச்சங்கம், 1905-ஆம் ஆண்டு முதல் தனக்கென ஓர் இதழை நடத்திவருகிறது. டிக்கன்ஸ் தம் இளமையில் குடியிருந்த டவுட்டி தெரு 48-ஆம் எண் வீடு 1923-ஆம் ஆண்டில் இடிக்கப்படும் நிலையை எய்தியது. ‘ஆலிவர் ட்விஸ்ட்’ எழுதப்பட்ட வீடு அது. சங்கத்தார் பொருள் திரட்டி அதனை வாங்கினர். 1925-ஆம் ஆண்டில் அது காட்சிச்சாலையாகத் திறக்கப்பெற்றது. இன்று அவ்வீட்டினுள் நின்று அவருடைய மேசையைக் காண்போர், அன்று சிலர் எடுத்துக்கொண்ட முயற்சியின் பயனையே துய்க்கின்றனர்.

ஆயின், வீட்டைக் காப்பதோடு அச்சங்கம் நின்றுவிடவில்லை. டிக்கன்ஸ் தம் கடைசி நாவலை முடிக்காமலே 1870-ஆம் ஆண்டில் காலமானார். எட்வின் ட்ரூட் என்ற இளைஞன் காணாமற்போகிறான். அவன் கொலையுண்டானா, கொன்றவர் யார் என்பது விளங்குமுன் நாவல் நின்றுவிடுகிறது. 1914-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சங்கத்தார் ஒரு வேடிக்கை வழக்கு நடத்தினர். நாவலில் ஐயத்திற்கு உரியவனான ஜான் ஜாஸ்பர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டான். எழுத்தாளர் செஸ்டர்ட்டன் நீதிபதி. பெர்னார்ட் ஷா ஜூரிகளின் தலைவர். முடிவில் நீதிபதி, தம்மைத் தவிர அங்கிருந்த அனைவரும் நீதிமன்றத்தை அவமதித்தனர் என்று தீர்ப்பளித்தார். கேட்பதற்கு இது நகைப்பாகத் தோன்றலாம். ஆனால் அவ்விளையாட்டில் கலந்துகொள்ள வேண்டுமாயின் நாவலை வரிக்கு வரி படித்திருக்க வேண்டும். எந்த அத்தியாயத்தில் யார் எங்கிருந்தார் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். விளையாட்டின் வாயிலாக ஆழ்ந்த வாசிப்பை வளர்த்த விதம் போற்றத்தக்கது.

மேலும் ஒன்று. டிக்கன்ஸ் தம் நாவல்களில் எந்தச் சமூகக் கேடுகளுக்காக வருந்தினாரோ அவற்றைக் களையத் துணைபுரிதலும் அச்சங்கத்தின் குறிக்கோள்களுள் ஒன்று. ஏழைச் சிறுவரின் துயரை எழுதியவருக்கு விழா எடுத்துவிட்டு, வாயிலில் நிற்கும் ஏழைச் சிறுவனைக் காணாமற் போவது பொருந்தாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இச்சங்கங்களின் பணிகளைத் தொகுத்து நோக்கினால் அவை மூன்று வகையுள் அடங்கும். முதலாவது, காத்தல்: ஆசிரியரின் கையெழுத்துப் படிகள், கடிதங்கள், முதற்பதிப்புகள், வாழ்ந்த இடம் ஆகியவற்றைப் பேணுதல். இரண்டாவது, கூடிப் படித்தல்: நாவலைப் படித்துக் கருத்து மாறுபட்டுப் பேசித் தெளிதல். மூன்றாவது, கொண்டு சேர்த்தல்: மொழிபெயர்ப்பாலும் பதிப்பாலும் புதிய வாசகரிடம் நூலை எடுத்துச் செல்லுதல். பிறந்தநாளன்று மாலையிட்டுச் சொற்பொழிவு ஆற்றுதல் இம்மூன்றனுள் எதிலும் சேராது. அது வேண்டாததன்று, ஆனால் அது மட்டுமே போதியதும் அன்று.

இனி, நம் தலைநகருக்கு வருவோம். நாவலாசிரியர் ஒருவரைப் போற்றும் பணி தில்லியில் எவ்வாறு நடைபெறுகிறது என்பதற்கு ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகம் நல்ல சான்றாகும். காசிக்கு அருகிலுள்ள லம்ஹி என்ற ஊரில் 1880-ஆம் ஆண்டில் பிறந்த தன்பத் ராய் என்பவரே பிரேம்சந்த் என்ற பெயரால் புகழ்பெற்றார். உருதுவில் எழுதத் தொடங்கிப் பின்னர் இந்தியிலும் எழுதிய அவர், இருமொழியாரும் உரிமை கொண்டாடும் ஆசிரியர். 1908-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய முதற் சிறுகதைத் தொகுதியின் படிகளை அன்றைய ஆங்கில அரசு கைப்பற்றி அழித்தது. அதன் பின்னரே அவர் பிரேம்சந்த் என்ற புனைபெயரை மேற்கொண்டார். அவர் எழுதிய ‘கஃபன்’ என்ற புகழ்பெற்ற கதை 1935-ஆம் ஆண்டில் ஜாமியாவின் உருது இதழில்தான் முதலில் வெளிவந்தது. பின்னர் இந்தியில் வந்தது. அந்த உறவின் நினைவாக, பிரேம்சந்த் ஆவணக் காப்பகமும் இலக்கிய மையமும் 2004-ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தில் நிறுவப்பெற்றன.

ஆவணக் காப்பகத்தால் வாசகனுக்கு என்ன பயன் என்று சிலர் வினவக்கூடும். ‘கஃபன்’ கதையையே எடுத்துக்கொள்வோம். அதன் உருது வடிவும் இந்தி வடிவும் முற்றும் ஒன்றல்ல. இடத்திற்கு இடம் வேறுபாடு உண்டு. ஒரு மொழிபெயர்ப்பாளர் எதனை மூலமாகக் கொள்வது? இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலன்றி இதற்கு விடை கிடையாது. ஒப்பிடுவதற்கு இரண்டும் ஓரிடத்தில் இருத்தல் வேண்டும். அவருடைய சிறுகதைகள் அனைத்தும் ஆங்கிலத்தில் நான்கு தொகுதிகளாக 2017-ஆம் ஆண்டில் வெளிவந்தன. அப்பெரும்பணியை முன்னின்று நடத்தியவர் ஜாமியாவின் பேராசிரியர் எம். அசதுத்தீன். காத்தல் என்ற முதற்பணி, கொண்டு சேர்த்தல் என்ற மூன்றாம் பணிக்கு எவ்வாறு அடிப்படையாகிறது என்பதை இங்குக் காண்கிறோம்.

பிரேம்சந்தைத் தமிழர் அறிந்தது இன்று நேற்றன்று. ‘சேவாசதன்’ என்ற அவருடைய நாவலை எஸ். அம்புஜம்மாள் தமிழாக்கினார். அந்நாவலைத் தழுவி இயக்குநர் கே. சுப்பிரமணியம் 1938-ஆம் ஆண்டில் எடுத்த திரைப்படத்தில்தான் எம். எஸ். சுப்புலட்சுமி முதன்முதலாகத் திரையில் தோன்றினார். காசி நகரத்துப் பெண் ஒருத்தியின் துயரக் கதை, காவிரிக் கரையில் இருந்தோரின் உள்ளத்தையும் உருக்கியது. இஃது ஒரு மொழிபெயர்ப்பாளரின் உழைப்பால் விளைந்த பயன்.

மொழிபெயர்ப்பைத் தன் தலையாய கடமைகளுள் ஒன்றாக மேற்கொண்ட அமைப்பு சாகித்திய அக்காதெமி. 1954-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தொடங்கப்பெற்ற இதற்கு ஜவாஹர்லால் நேரு முதல் தலைவராக விளங்கினார். இஃது ஒரு நாவலாசிரியருக்கென்று அமைந்த சங்கமன்று. இருபத்து நான்கு மொழிகளுக்கும் பொதுவான நிறுவனம். எனினும் நாம் கூறிய மூன்று பணிகளையும் இது பெரிய அளவில் செய்துவருகிறது. பெரோஸ்ஷா சாலையிலுள்ள ரவீந்திர பவனத்தில் அதன் நூலகம் பல மொழி நூல்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறது. ‘இந்திய இலக்கியச் சிற்பிகள்’ என்ற வரிசையில் மறைந்த ஆசிரியர்களின் வாழ்வையும் பணியையும் சிறு நூல்களாக வெளியிடுகிறது. நூற்றாண்டு விழாக்களில் ஆய்வரங்குகளை நடத்துகிறது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ நாவலைச் சுந்தர ராமசாமியின் தமிழிலும், தாராசங்கர் பானர்ஜியின் ‘ஆரோக்கிய நிகேதனம்’ நாவலைத் த. நா. குமாரஸ்வாமியின் தமிழிலும் நாம் படிக்க முடிந்தது இந்த அக்காதெமியின் வெளியீட்டால்தான்.

எனினும் நிறுவனம் செய்யக்கூடியது ஓரளவே. நூலை அச்சிடலாம், பரிசளிக்கலாம், அலமாரியில் வைத்துப் பூச்சி அரிக்காமல் காக்கலாம். அதனை எடுத்துப் படிக்குமாறு ஒருவரைத் தூண்டுவது நண்பரின் சொல்லே. “இதைப் படித்தீர்களா?” என்று ஒருவர் கேட்பதில் உள்ள வலிமை எந்த அறிக்கைக்கும் இல்லை. ஆகவே இரண்டாவது பணியாகிய கூடிப் படித்தல், அரசாங்கத்தாலன்றி அன்பர்களாலேயே நடைபெற வேண்டியதாகும்.

இங்குத்தான் தில்லித் தமிழருக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. தமிழ்நாட்டுக்கு வெளியே, தமிழ் நாவலோடு இத்துணை நெருங்கிய தொடர்புடைய நகரங்கள் சிலவே. கல்கியின் ‘அலை ஓசை’யை நினைவுகூர்வோம். ராஜம்பேட்டை என்ற தமிழ்நாட்டுச் சிற்றூரில் தொடங்கும் அக்கதை, தலைநகரில் உத்தியோகம் பார்க்கும் குடும்பத்தைப் பின்தொடர்ந்து தில்லிக்கு வந்து, 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையின் கொந்தளிப்பில் உச்சம் பெறுகிறது. பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம் என்று அதன் நான்கு பாகங்களுக்கும் அவர் பெயரிட்டார். தம் நூல்களுள் நிலைத்து நிற்கத் தக்கது இதுவே என்பது அவருடைய எண்ணம். அவர் மறைந்து ஈராண்டுகளுக்குப் பின், 1956-ஆம் ஆண்டில் சாகித்திய அக்காதெமியின் பரிசு அந்நாவலுக்கே கிடைத்தது.

அதற்குப் பிந்தைய தலைமுறையிலோ, எழுத்தாளரே தில்லிவாசிகளாயினர். தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி, ‘தந்திர பூமி’ முதலிய நாவல்களில் தலைநகரின் அதிகார நாடகத்தைச் சித்திரித்தார். ஆதவன் தம் ‘காகித மலர்கள்’ நாவலில் தில்லி நகரத்து நடுத்தரக் குடும்பத்தின் போலி வாழ்வை உரித்துக் காட்டினார். ‘மோகமுள்’ எழுதிய தி. ஜானகிராமன் அகில இந்திய வானொலியின் அலுவலராகத் தில்லியில் பணிபுரிந்தார். இந்நகரில் 1965-ஆம் ஆண்டில் கி. கஸ்தூரிரங்கன் தொடங்கிய ‘கணையாழி’ இதழில்தான் ஜானகிராமனின் ‘மரப்பசு’ தொடராக வந்தது. 1982-ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னர், அவ்விதழ் அவர் நினைவாகக் குறுநாவல் போட்டி நடத்தியது. ஒரு நாவலாசிரியரின் நினைவைப் போற்றப் புதிய நாவலாசிரியரை உருவாக்குவதினும் சிறந்த வழி உண்டோ?

ஆயின், இச்செல்வம் இன்று எந்நிலையில் உள்ளது? நம் நாவல்களுட் பல, வார இதழ்களிலும் மாத இதழ்களிலும் தொடராக வந்தவை. அக்காலத்தில் வாரந்தோறும் தொடர்கதைப் பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்து, ஊசியும் நூலும் கொண்டோ பைண்டரிடம் கொடுத்தோ தைத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழ் இல்லங்களில் பரவியிருந்தது. உத்தியோக நிமித்தம் தில்லிக்கு வந்தோர் தட்டுமுட்டுச் சாமான்களோடு இத்தொகுதிகளையும் கொணர்ந்தனர். ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்யும் நாளில், பழுப்பேறிய அத்தாள்கள் எடைக்கு எடையாகக் கபாடிக்காரரிடம் போய்ச் சேர்கின்றன. அவற்றோடு, நூலாக வந்தபோது விடுபட்ட ஓவியங்களும், ஆசிரியர் பின்னர் மாற்றிய வரிகளும், வாசகர் கடிதங்களும் போய்விடுகின்றன. 1879-ஆம் ஆண்டில் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நம் முதல் நாவல். நாவல் என்ற துறையே நமக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குள் அடங்குவது. இவ்வளவு குறுகிய காலத்துச் செல்வத்தையே நாம் இழப்போமாயின், ஈராயிரம் ஆண்டு பழைமையைப் பற்றிப் பெருமை பேசுவது எங்ஙனம் பொருந்தும்?

இதனினும் கவலை தருவது மற்றொன்று. தில்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுட் பலர் தமிழைப் பேசுவர்; கேட்டுப் பொருள் உணர்வர்; எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்குவர். தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் இக்குறையைப் போக்க நெடுங்காலமாக உழைத்து வருகின்றன. எனினும் எல்லாப் பிள்ளைகளும் அங்குப் பயில்வதில்லை. தாத்தா தைத்து வைத்த நாவலைப் பேரன் படிக்க இயலாத வீட்டில் அந்நூலுக்கு யார் காவல்?

இதற்குப் பரிகாரம் பெருஞ்செலவில் இல்லை. 1946-ஆம் ஆண்டில் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம் ராமகிருஷ்ணபுரத்தில் சொந்தக் கட்டடமும் நூலகமும் கொண்டு விளங்குகிறது. அதனைப் போன்ற அமைப்புகளின் நிழலிலோ, ஏதேனும் ஒரு வீட்டுக் கூடத்திலோ எட்டுப் பத்துப் பேர் மாதம் ஒருமுறை கூடினால் போதும். மூன்று மாதங்களுக்கு ஒரு நாவல் என்று வரையறுத்துக்கொள்ளலாம். ஒருவர் ஓர் அத்தியாயத்தை உரக்கப் படிக்கட்டும். எழுத்தறியாத இளைஞரும் செவியால் நாவலைப் பெறுவதற்கு இதுவே வழி. ஒருவர் வழக்கிழந்த சொற்களைக் குறித்து வைத்துப் பொருள் கேட்டு எழுதட்டும். ஒருவர் அந்நாவலின் பழைய பதிப்புகளையும் தொடர்ப் பக்கங்களையும் தேடித் திரட்டி, நிழற்படமாகப் பதிவு செய்து, நூலகத்துக்கு ஒப்படைக்கட்டும். நாவலிலுள்ள ஒரு பகுதியை இந்தியிலோ ஆங்கிலத்திலோ பெயர்க்கும் முயற்சியை இளைஞரிடமே விடலாம். பேசத் தெரிந்த தமிழையும் எழுதத் தெரிந்த பிறமொழியையும் இணைக்கும் பாலம் அவர்களே. டிக்கன்ஸ் அன்பர் நடத்தியது போல, ‘அலை ஓசை’யின் சௌந்தரராகவனைக் கூண்டில் ஏற்றி ஒரு வழக்கு நடத்தினாலும் தவறில்லை. அன்று வருவோர் நாவலைப் படித்துவிட்டே வருவர்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒருவர் பெயரால் அமையும் சங்கம் எளிதில் வழிபாட்டு மன்றமாக மாறிவிடும். “எங்கள் ஆசிரியரிடம் குறையே இல்லை” என்று சொல்லத் தொடங்கிய நாளில், படிப்பு நின்று பஜனை தொடங்கிவிடுகிறது. கல்கியின் கதைப்போக்கில் தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி என்று ஒருவர் கூறினால், மற்றவர் சினங்கொள்ளாமல், எவ்விடத்தில் என்று கேட்க வேண்டும். அவர் அத்தியாயத்தைப் புரட்டிக் காட்டுவார். மற்றவர் மறுப்பதற்காக மீண்டும் படிப்பார். குறை கூறப்பட்டதால் எந்த நல்ல நாவலும் அழிந்ததில்லை, படிக்கப்படாததாலேயே அழிந்திருக்கின்றன.

தேர் தானே நகர்வதில்லை. ஊர் கூடி வடம் பிடித்தால்தான் நிலை பெயரும். நாவலும் அத்தகையதே. எழுதுவது ஒருவர் தொழில். இழுத்துச் செல்வது பலர் தொழில். டவுட்டி தெருவின் வீட்டைக் காத்தவரும், பிரேம்சந்தின் பக்கங்களைத் தேடித் தொகுத்தவரும் அந்த வடத்தில் கைவைத்தவர்களே. நம் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கும் ஒரு பழைய தொடர்கதைத் தொகுதியை எடுத்து, துடைத்து, முதல் அத்தியாயத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றிரவு உரக்கப் படித்துக் காட்டினால், நாமும் அவ்வடத்தைத் தொட்டவராவோம்.